சொந்த லாரியை 60-ல் ஓட்டினால் டீசல் மிச்சமாகுமா, 80-ல் போய் நேரத்தை மிச்சம் பிடிப்பது மேலா?

பத்துச் சக்கர லாரி ஒன்றைப் புதிதாக வாங்கி மதுரை–சென்னை ஓட்டுகிறீர்கள். லிட்டருக்கு 4 கிலோமீட்டரைத் தாண்ட மறுக்கிறது. வேகத்தைக் குறைத்தால் தேறுமா, இல்லை வேகமாகப் போய் மாதத்தில் ஒரு நடை கூட அடிப்பது லாபமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மிச்சமாகும். ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் இடத்தில் கொஞ்சமாகவும், எதிர்பார்க்காத இடத்தில் நிறையவும் ஆகும்.

நான் திருமங்கலத்துக்காரன். பதினோரு வருடம் சம்பளத்துக்கு ஓட்டிவிட்டுப் பிறகு பழைய டாடா 2518 ஒன்றைச் சொந்தமாக வாங்கினேன். சம்பளத்துக்கு ஓட்டிய காலத்தில் டீசல் முதலாளியின் கவலை. சீக்கிரம் போய் லோடு இறக்கிவிட்டுப் படுத்தால் போதும் என்று மிதிப்பேன். சொந்த வண்டி வந்த முதல் மாதம் டீசல் கணக்கும் வண்டித் தவணையும் சேர்ந்து வந்து வாசலில் நின்றன. அன்றைக்கே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன்.

ஒரே பங்க், ஒரே குழாய், தொட்டியை வாய்வரை நிரப்புவது, திரும்பி வந்து மறுபடி வாய்வரை நிரப்புவது. இதுதான் என் அளவு முறை. சென்னைக்குச் சுமார் 460 கிலோமீட்டர். 16 டன் லோடோடு 75, 80 என்று போன நடைகளில் 4-ஐ ஒட்டியே நின்றது. 60-ஐத் தாண்டாமல் பிடித்து ஓட்டிய நடைகளில் 4.6 வந்தது. ஒரு வழிக்கு 115 லிட்டர் குடித்த வண்டி 100 லிட்டரோடு நின்றுகொண்டது. லிட்டர் 90 ரூபாய்க்கு மேல் விற்கும்போது 15 லிட்டர் என்பது டிரைவர் பேட்டாவைப் போன்ற தொகை.

நேரக் கணக்கைப் பார்ப்போம். காகிதத்தில் போட்டால் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் தாமதம். சாலையில் அவ்வளவு வராது. சிட்டம்பட்டி, பூதகுடி, சமயபுரம், திருமாந்துறை, செங்குறிச்சி, விக்கிரவாண்டி, ஆத்தூர், பரனூர் என்று சுங்கச்சாவடி வரிசையாக நிற்கிறது. 80-ல் வந்தவனும் 60-ல் வந்தவனும் அங்கே நின்றுதான் எழ வேண்டும். லோடும் வண்டியும் சேர்ந்த 25 டன்னை மறுபடி 80-க்கு எழுப்பத் தேவைப்படும் சக்தி, 60-க்கு எழுப்புவதைப் போல ஒன்றே முக்கால் மடங்கு. அத்தனையையும் அடுத்த சாவடியில் பிரேக் போட்டுச் சூடாக்கி விடுகிறோம். போதாக்குறைக்கு, விடியற்காலையைத் தவறவிட்டால் கனரக வண்டி சென்னை நகருக்குள் நுழைய நேரக் கட்டுப்பாடு. வெளியே ஓரங்கட்டி நின்று, நாம் பறந்து வந்து சேமித்த நேரத்தைக் கொசுக்கடியில் கழிக்க வேண்டியதுதான்.

இனிச் சொல்லப்போவதுதான் என் பதிலில் முக்கியமான பகுதி. சமதரையில் ஓடும் லாரியின் டீசலை முக்கியமாக இரண்டு தின்கின்றன. ஒன்று டயர் உருளும் உராய்வு. அது பாரத்தைப் பொறுத்தது. வேகம் கூடினாலும் அது பெரிதாக ஏறாது. இன்னொன்று காற்று. அதற்குப் பாரம் ஒரு பொருட்டே இல்லை. வண்டியின் முகத்தையும் வேகத்தையும் மட்டுமே பார்க்கும். வேகத்தின் வர்க்கமாக ஏறும் என்பதால் 60-க்கும் 80-க்கும் இடையில் காற்றின் எதிர்ப்பு முக்கால் பங்குக்கும் மேல் கூடிவிடுகிறது.

லோடோடு போகும்போது டயரின் பங்கு பெரிது. அதனால் வேகத்தைக் கூட்டுவதால் வரும் நஷ்டம் அதற்குள் கொஞ்சம் மறைந்துகொள்ளும். 25 டன் வண்டி லோடு இறக்கி 9 டன் ஆகிவிட்டால் டயரின் பங்கு மூன்றில் ஒன்றாகச் சுருங்கும். காற்றின் பங்கு அப்படியே இருக்கும். தோராயமாகக் கணக்குப் போட்டால் 60-லிருந்து 80-க்குப் போகும்போது இழுவை வேலை, லோடு வண்டிக்குக் கால் பங்குக்குச் சற்று மேலும், வெறும் வண்டிக்கு ஏறக்குறையப் பாதியும் கூடுகிறது.

நாம் செய்வதோ தலைகீழ். லோடு இருந்தால் பயந்து நிதானமாகப் போகிறோம். இறக்கியதும் கயிறு அறுந்த கன்றுக்குட்டி மாதிரி ஓடுகிறோம். ரிட்டர்ன் லோடு கிடைக்காமல் தூத்துக்குடியிலிருந்து வெறும் வண்டியாக வந்த நடைகளைத் தனியாக எழுதி வைத்தேன். 80-ல் வந்தால் 5.2, 60-ல் வந்தால் 6.8. சுமார் 140 கிலோமீட்டருக்கு ஆறு லிட்டருக்கு மேல் வித்தியாசம். மிச்சமான நேரம் 35 நிமிடம். அந்த அரை மணி நேரத்தை 550 ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கியிருக்கிறேன். என் நேரத்தை அந்த விலைக்கு இதுவரை யாரும் என்னிடம் வாங்கியதில்லை. அதுவும் ஒரு பைசா வாடகை வராத ஓட்டத்தில்!

காற்று என்றதும் ஆடி மாதம் நினைவுக்கு வருகிறது. உசிலம்பட்டி, ஆண்டிபட்டி வழியாகத் தேனிக்குப் போய்ப் பாருங்கள். அம்மியும் பறக்கும் என்பார்களே, அந்தக் காற்று நேராக முகத்தில் அறையும். எதிர்க்காற்று 25 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால், நீங்கள் 60-ல் போனாலும் வண்டிக்கு அது 85. எதிர்ப்பு இரண்டு மடங்கு. அந்த மாதங்களில் மேற்கே போகும்போது 50 போதும். தார்பாயை இழுத்துக் கட்டாமல் படபடக்க விட்டால் அதற்கும் தனியாகத் தண்டம் உண்டு.

அதற்காக 40-ல் ஊர்ந்து போவதும் புத்திசாலித்தனம் இல்லை. டாப் கியரில் எஞ்சின் திணறாமல், எஞ்சின் சுழலும் வேகத்தைக் காட்டும் ஆர்.பி.எம். முள் பச்சைப் பகுதியில் நிற்கும் குறைந்த வேகம் எதுவோ அதுதான் உங்கள் வண்டிக்கு உகந்த வேகம். என் வண்டிக்கு அது 55 முதல் 60. உங்களுடையது வேறாக இருக்கலாம்.

பெங்களூர் லோடு எடுத்தால் ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: தொப்பூர் கணவாய் இறக்கத்தில் நியூட்ரல். டீசல் மிச்சம் என்று பழைய ஆட்கள் சொல்லிக்கொடுப்பார்கள். கியரில் வைத்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் இறக்கத்தில் இன்றைய எஞ்சினுக்கு டீசல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் அணையாமல் இருக்க அது குடித்துக்கொண்டிருக்கும். மிச்சம் என்பதே பொய். எஞ்சின் பிடிப்பும் போய், பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போனால் என்ன ஆகும் என்பதை அந்த இறக்கம் பலமுறை காட்டிவிட்டது.

வேகம் லாபம் தரும் இடமும் உண்டு. காய்கறி லோடு ஏற்றினால் சந்தை நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். அங்கே டீசலைப் பார்த்தால் வாடகை போய்விடும். அதேபோல் இரண்டு மணி நேரம் முன்னால் போனால் அடுத்த லோடு உறுதி என்று புக்கிங் ஆபீஸில் சொல்லியிருந்தால் போங்கள், சட்டம் விடும் 80-க்குள். வெறுமனே வரிசையில் போய் நிற்பதற்காகப் போகாதீர்கள். கூடுதலாக ஒரு நடை என்பது பெரும்பாலும் லோடு கிடைப்பதைப் பொறுத்தது. மிதியைப் பொறுத்தது இல்லை.

டீசல் குழாயில் மாட்டினால் மைலேஜ் ஏறும் என்று ஒரு காந்தத்தை 2,500 ரூபாய்க்கு வாங்கியவன் நான். இப்போது அது வீட்டில் ஆணி பொறுக்க உதவுகிறது.

கடைசியாக ஒன்று. நிதானமாக ஓட்டியும் 4-லேயே நின்றால் வேகத்தைக் குறை சொல்லாதீர்கள். எனக்கும் ஒருமுறை 60-ல் ஓட்டியும் 4.1-க்கு மேல் வரவில்லை. மேலூர் தாண்டி டீக்கு நிறுத்தியபோது ஒவ்வொரு பிரேக் டிரம்மின் அருகிலும் கையைக் கொண்டுபோனேன். பின்னால் இடது பக்கம் ஒன்று மட்டும் தோசைக்கல்லாகக் கொதித்தது. பிரேக் லைனர் டிரம்மில் உரசிக்கொண்டே வந்திருக்கிறது. பிரேக்கின் இடைவெளியைப் பிடிக்கும் ஸ்லாக் அட்ஜஸ்டரைச் சரி செய்ய மெக்கானிக் வாங்கியது 300 ரூபாய். அடுத்த நடை 4.6.