வாடைக்காற்றுக்கு எந்த டென்ட் நிற்கும்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மார்கழியில் நான்கு பேர் மேலச்செல்வனூர் கண்மாய்ப் பக்கம் பறவை பார்க்கப் போகிறோம். வாலிநோக்கம் கடற்கரையிலும் ஓர் இரவு தங்க நினைக்கிறோம். கையில் எட்டாயிரம் ரூபாய் இருக்கிறது. நான்கு பேர் படுக்கும் டென்ட் ஒன்று வாங்கிவிடலாமா?
– வாசகர், பரமக்குடி

பதில்: ஒரே பெரிய டென்ட் வேண்டாம். அந்தப் பணத்துக்கு இரண்டு பேர் டென்டாக இரண்டு வாங்குங்கள். பெரிய டென்டில் துணிப்பரப்பு அதிகம், உயரமும் அதிகம். ஆனால் இந்த விலையில் அதற்கும் பெரும்பாலும் அதே மெல்லிய ஃபைபர் கம்பியைத்தான் போட்டிருப்பார்கள். காற்று ஏறினால் முதலில் வளைந்து முகத்தில் அறையும், பிறகு கம்பி பிளக்கும். உயரம் நாலடிக்குள் இருக்கட்டும். தூக்கி எறிந்தால் தானே விரியும் டென்டும், மேலே தனி மழைத்துணி இல்லாத ஒற்றைத் துணி டென்டும் நம் கடற்கரைக்கு ஆகாது.

கடையில் முதலில் கம்பியைப் பாருங்கள். ஃபைபர் என்றால் 8.5 மி.மீ.க்குக் குறையக்கூடாது. உடைவது பெரும்பாலும் நடுவில் அல்ல. இரண்டு துண்டு சேரும் இரும்புக்குழாயின் விளிம்பில்தான் நீளவாக்கில் கீறும். அந்த இடத்தைக் கண்ணால் பாருங்கள், விரலால் தடவாதீர்கள், சிலாம்பு ஏறிவிடும். கம்பி நுழையும் அளவுக்கு அரையடி நீளக் குழாய்த் துண்டு ஒன்றும் இன்சுலேஷன் டேப்பும் பையில் இருந்தால், உடைந்த இடத்தில் மாட்டிச் சுற்றி இரவை ஓட்டிவிடலாம். அலுமினியக் கம்பி இந்த விலையில் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள்.

அடுத்தது மேல்துணி, அதாவது டென்டுக்கு மேலே போர்த்தும் மழைத்துணி. தொப்பி மாதிரி உச்சியை மட்டும் மூடுவது போதாது. வாடை மழை சாய்ந்து அடிக்கும், அதனால் தரைக்கு நாலு விரல் மேலே வரை துணி இறங்க வேண்டும். மேல்துணிக்கு 2000 மி.மீ., டென்டின் தரைத்துணிக்கு 3000 மி.மீ. என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். அத்தனை உயர நீர் நின்று அழுத்தினாலும் துணி கசியாது என்பது அதன் பொருள். தரைக்கு ஏன் கூடுதல் என்றால், முழங்காலை ஊன்றும்போது ஈரம் கீழிருந்து மேலே அழுந்தி வரும். தையல்களின் உட்புறம் டேப் ஒட்டாவிட்டால் தையல் ஓட்டையை அடைக்கும் சீம் சீலர் பசையை இரண்டு பூச்சு பூசி ஒரு நாள் காய விடுங்கள். கிளம்பும் முன் மொட்டைமாடியில் விரித்து, கால் மணி நேரம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். கசிவு அங்கேயே தெரிந்துவிடும்.

விடியலில் துணியின் உட்புறம் ஈரமாக இருந்தால் ஒழுகிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். மூச்சுக்காற்றின் ஈரம்தான் அது. காற்று வராத பக்கத்து ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள்.

கேள்வி: மணலில் முளை நிற்பதே இல்லை, கையோடு பிடுங்கிக்கொண்டு வருகிறது. என்ன செய்வது?
– வாசகர், ஏர்வாடி

பதில்: டென்டோடு வரும் மெல்லிய கம்பி முளை களிமண் தரைக்கானது. மணலுக்குப் புதைமுளைதான். நாலைந்து கிலோ மணல் கொள்ளும் சிறு சாக்குப்பைகள் எட்டு எடுத்துப் போங்கள், நான்கு மூலைக்கு நான்கு, டென்டை இழுத்துக் கட்டும் இழுகயிற்றுக்கு நான்கு. பையின் வயிற்றில் கயிற்றைக் கட்டி, ஒன்றரை அடி ஆழத்தில் புதைத்து, ஈரமணலை மேலே போட்டு மிதியுங்கள். பை இல்லாவிட்டால் ஒன்றரை அடிப் பனைமட்டைத் துண்டைக் கயிற்றுக்குக் குறுக்காகப் படுக்க வைத்துப் புதைக்கலாம். இரண்டு ஓரத்திலும் ரம்பப் பல் போல இருக்கும் கருக்கையும் சீவிவிடுங்கள், இல்லையேல் இரவு முழுக்க அசைந்து அசைந்து அதுவே கயிற்றை அறுத்துவிடும். இழுகயிறு தரையோடு 45 பாகைக்கு மேல் நிமிரக்கூடாது. டென்டின் குறுகிய பக்கம் காற்றை நோக்கியும், வாசல் எதிர்ப்பக்கமும் இருக்கட்டும்.

தரையில் சீமைக்கருவேல முள்ளைப் பொறுக்கிவிட்டுத் தார்ப்பாயை விரியுங்கள். அது டென்டின் தரையைவிட எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலம் உள்ளே அடங்க வேண்டும். வெளியே நீட்டினால் மேல்துணியில் வழியும் நீரை அதுவே உள்ளே இழுத்துவிடும்.

கேள்வி: எங்கே போடுவது? தனுஷ்கோடியில் போடலாமா?
– வாசகர், திருவாடானை

பதில்: கூடாது. அங்கே இருட்டிய பின் தங்க விடமாட்டார்கள். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளிலும் வனத்துறை அனுமதியின்றிக் கால் வைக்கக்கூடாது. சரணாலயக் கண்மாய்க்குள்ளும் அப்படியே. உரிமையாளரிடம் கேட்டு ஒரு தோப்பில் போடுங்கள், கடலோரக் காவல் நிலையத்திலும் சொல்லிவிடுங்கள். வாடைக் காலத்தில் தேவிபட்டினம், தொண்டி என வடகடல் (பாக் விரிகுடா) ஓரம் முழுக்கக் காற்று நேராக அறையும். வாலிநோக்கம் பக்கம் கரையிலிருந்து கடலுக்கு வீசுவதால், புதர் மறைவு கிடைத்தால் சமாளிக்கலாம். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றில் நிலைமை தலைகீழ். பாசி ஒதுங்கிய கோட்டுக்கு நன்றாக மேலே போடுங்கள். பனைக்கு அடியில் வேண்டாம், மட்டை விழும், இடியும் இறங்கும். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றிவிட்டாலோ, மணிக்கு 45 முதல் 55 கி.மீ. வேகக் காற்று என்று வானிலை அறிவிப்பு வந்தாலோ பயணத்தையே தள்ளிப் போடுங்கள். இந்த விலை டென்ட் அதற்கானது அல்ல.

கேள்வி: வெளிநாட்டு வேட்டைக்காரர்கள் உள்ளே அடுப்பு வைக்கும் டென்ட் நமக்கு உதவுமா?
– வாசகர், கமுதி

பதில்: உதவாது. அது பனிக்குளிருக்கானது. அதில் புகைக்குழாய் வெளியேறத் தீத்தாங்கும் துணி வைத்துத் தைத்திருப்பார்கள். நம் பாலியஸ்டர் டென்டுக்குள் அடுப்போ கரியோ மூட்டினால் துணி உருகும். கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். வேட்டை இங்கே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

கேள்வி: ஒரே வருஷத்தில் ஜிப் இறுகிப் போய்விட்டது. ஏன்?
– வாசகர், மண்டபம்

பதில்: உப்பும் மணலும். வீடு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, ஜிப்பின் பல்லைப் பழைய டூத்பிரஷால் தேய்த்து, காய்ந்த பின் மெழுகு தடவுங்கள். சோப்புத்தூள் போடாதீர்கள், நீர்காப்புப் பூச்சு போய்விடும். நிழலில் காய வையுங்கள். கொஞ்சம் ஈரத்தோடு மடித்தாலும் பூஞ்சை பிடித்து, உள்பூச்சு பிசுபிசுத்து உரியத் தொடங்கும்.