ஜெர்மனில் தலைக்கு என்ன ஆயிற்று?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜெர்மன் மொழி கற்றுவருகிறேன். கை, விரல், பாதம் ஆகியவற்றுக்கு ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் ஏறத்தாழ ஒரே சொற்களே உள்ளன. தலைக்கு மட்டும் ஆங்கிலம் ‘ஹெட்’ என்கிறது, ஜெர்மன் ‘கொப்ஃப்’ என்கிறது. உடன்பிறந்த மொழிகள் இவ்வளவு அடிப்படையான சொல்லில் வேறுபடுவது எப்படி?

வாசகர், ஸ்டுட்கார்ட்

அன்புள்ள நண்பருக்கு,

‘ஹெட்’டின் உடன்பிறப்பு ஜெர்மனில் மறைந்துவிடவில்லை. உங்கள் நகரின் மத்திய ரயில் நிலையத்துக்கு ‘ஹவுப்ட்பான்ஹோஃப்’ என்று பெயர். அதன் முற்பகுதியான ‘ஹவுப்ட்’தான் அது. பழைய ஆங்கிலத்தில் இச்சொல் ‘ஹேயாவொட்’ என்பதுபோல் ஒலித்தது. இடையிலிருந்த உதட்டொலி தேய்ந்து மறைந்த பிறகே ‘ஹெட்’ எனச் சுருங்கியது. 4ஆம் நூற்றாண்டில் வுல்ஃபிலா பைபிளை மொழிபெயர்த்த, இன்று வழக்கொழிந்த ஜெர்மானிய மொழியான காத்திக்கிலும் இதன் வடிவம் கிடைக்கிறது.

லத்தீனின் ‘கபுட்’ இதற்கு உறவு என்பது பொதுவான கருத்து. ஜெர்மன் மொழியறிஞர் யாகோப் கிரிம் 1822இல் விளக்கிய விதிப்படி லத்தீனின் ககரத்துக்கு ஜெர்மானிய மொழிகளில் ஹகரம் வருவது சரியே; மற்ற இரு மெய்களும் (‘ப்’, ‘ட்’) எதிர்பார்த்தபடி மாறாமல் மென்மையடைந்ததற்கு, டென்மார்க்கைச் சேர்ந்த கார்ல் வெர்னர் 1870களில் இம்மொழிகளின் மூலமான தொன்மொழியில் அசைகள் பெற்ற அழுத்தத்தைக் காரணமாகக் காட்டினார். ஆனால் ‘கபுட்’டின் குறில் அகரத்துக்கு எதிரே ‘ஔ’ நிற்பதை இவ்விரு விதிகளும் விளக்கவில்லை. தலையை மூடும் தொப்பியைக் குறித்த வேறொரு சொல்லின் சாயல் இதில் படிந்திருக்கலாம் என்று அறிஞர் சிலர் கருதுகின்றனர். இந்தச் சிக்கலைச் சொல்லாமல் இரண்டும் ஒன்றே என்று எழுதிச் செல்வது முறையன்று என்பதே என் எண்ணம்.

‘கொப்ஃப்’ முதலில் குடிகலத்தைக் குறித்தது. பிற்கால லத்தீனின் ‘குப்பா’விலிருந்து வந்தது. கலத்தின் பெயர் மண்டையோட்டுக்கு ஆகி, இடைக்காலத்தின் பிற்பகுதியில் தலை முழுவதற்கும் பரவியபோது, ‘ஹவுப்ட்’ உடலை விட்டு நீங்கி, தலைநகரம், படைத்தலைவன் போன்ற கூட்டுச்சொற்களிலும் உயர்நடையிலும் தங்கிவிட்டது. பிரெஞ்சிலும் இதுவே நிகழ்ந்தது: லத்தீனில் மட்கலத்தைக் குறித்த ‘டெஸ்டா’ தலைக்குரிய ‘தெத்’ ஆயிற்று, ‘கபுட்’டின் வழிவந்த ‘ஷெஃப்’ தலைமையை மட்டும் குறித்தது. சமஸ்கிருதத்தின் கபாலமும் ஓட்டுக்கலத்தையும் மண்டையோட்டையும் சேர்த்தே குறிக்கிறது.

டச்சில் ‘கொப்’ இன்றும் தலைக்கும் குவளைக்கும் பொதுவான சொல். ஐரோப்பியரிடமிருந்து தமிழுக்கு வந்த நம் ‘கோப்பை’யும் அந்தக் ‘குப்பா’வின் வழித்தோன்றலே, ஆகவே ‘கொப்ஃப்’ உங்கள் தாய்மொழிக்கும் ஒருவகையில் உறவுதான்.