பார்க்குக்குப் போனால் கவலை போகுமா?

கேள்வி: வீட்டிலிருந்தே ஐ.டி. வேலை. ராத்திரியெல்லாம் ஒரே யோசனை. ‘பார்க்குக்காவது போய் வா’ என்கிறார் அம்மா. போனால் சரியாகிவிடுமா?
- வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: அம்மா பேச்சைக் கேளுங்கள். 2015-ல் வெளியான ஸ்டான்ஃபோர்டு ஆய்வில், மரங்களுக்கு நடுவே 90 நிமிடம் நடந்தவர்களுக்கு, ஒரே கவலையைத் திரும்பத் திரும்ப அசைபோடுவது குறைந்தது; வண்டிகள் ஓடும் சாலையோரம் நடந்தவர்களுக்குக் குறையவில்லை. (அதனால் அல்சூர் டிராஃபிக்கில் நடப்பதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்!) கப்பன் பார்க் பக்கம்தானே? ஞாயிற்றுக்கிழமை லால்பாக் போய் அந்த 300 கோடி வருஷத்துப் பாறைமேல் கொஞ்ச நேரம் சும்மா உட்காருங்கள், போன் பைக்குள்ளேயே இருக்கட்டும். அப்புறம், தூக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தால் டாக்டரையும் பார்த்துவிடுங்கள்.