கொடுப்பதில் கிறிஸ்தவர்களுக்கு உண்மையிலேயே சந்தோஷம் இருக்கிறதா, அல்லது அது வெறும் கடமையா?

இருக்கிறது. ஆனால் எல்லாக் கொடுத்தலிலும் இல்லை. அந்தச் சந்தோஷம் எனக்குக் கிடைக்காமல் போன கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சம்பளம் உயர்ந்த வருடம், எங்கள் ஊர் ஆலயத்துக்கு ஒரு மின்விசிறி வாங்கிக் கொடுத்தேன். இறக்கையில் என் பெயரையும் எழுதியாயிற்று. அதன்பின் பிரசங்க நேரமெல்லாம் என் கண் மேலேயே இருந்தது. விசிறி சுற்றும்போது பெயர் தெரியாது. கரண்ட் போனால்தான் தெரியும். சபை மொத்தமும் பாட்டுப் புத்தகத்தால் விசிறிக்கொண்டிருக்க, நான் ஒருவன் மட்டும் அண்ணாந்து பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டிருந்தேன். அதைச் சந்தோஷம் என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது.

எங்கள் ஆச்சியிடம் இருந்தது வேறு. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துச் சபைகளில் 'கைப்பிடி அரிசி' என்ற வழக்கம் உண்டு. உலை வைக்கும்போது, வீட்டுக்கென்று அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவார்கள். சேர்ந்ததை ஞாயிற்றுக்கிழமை காணிக்கையாகக் கொண்டுபோவார்கள். கவனியுங்கள், மிஞ்சிய அரிசியிலிருந்து அல்ல, அளந்ததிலிருந்து. ஆக அன்று வீட்டில் எல்லோருக்கும் ஒரு பருக்கையாவது குறையும். "நமக்கே பத்தாதே ஆச்சி" என்று ஒருநாள் கேட்டேன். "ஒரு பிடியில் நீ இளைத்துவிட மாட்டாய், போய்ப் படி" என்றார்கள். பெயர் எழுத அரிசியில் இடம் ஏது? ஆலயத்தில் கொட்டியதும் யார் வீட்டு அரிசி எது என்று யாருக்குத் தெரியும்?

1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது, ஊழியத்துக்கு ஆளும் பணமும் இந்தியாவிலிருந்தே வரவேண்டும் என்று தீர்மானித்தார்கள். வேதநாயகம் அசரியா அதை உருவாக்கியவர்களில் ஒருவர். தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல் வரை ஆள் அனுப்பிய அந்தச் சபைகளில் பனையேறிகளும் சிறு விவசாயிகளும் நிறையப் பேர். ஆதிச் சபையின் அப்போஸ்தலனான பவுல் எருசலேமின் ஏழைகளுக்காகப் பணம் திரட்டியபோது மக்கெதோனியா சபைகளைப் பற்றி இதைத்தான் எழுதுகிறார்: 'கொடிய தரித்திரமுடையவர்களாயிருந்தும்' சந்தோஷத்தோடு கொடுத்தார்கள் (2 கொரிந்தியர் 8:2). விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, உற்சாகமாய்க் கொடுக்க வேண்டும் என்று அடுத்த அதிகாரத்தில் வருகிறது. அங்கே 'உற்சாகமாய்' என்பதற்கு மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல் 'ஹிலரோஸ்'. முகம் மலர்ந்து என்று கொள்ளலாம்.

(ஆயிரம் கொடுத்தால் ஆண்டவர் லட்சமாகத் திருப்பித் தருவார் என்று மேடையில் கூவுகிறவர்களை இதில் சேர்க்காதீர்கள். அது சீட்டுக் கம்பெனிப் பேச்சு.)

அந்த மலர்ந்த முகத்தைப் பார்க்க வேண்டுமானால் ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்துக்கு வாருங்கள். விளைச்சலுக்கு நன்றி சொல்லும் சபை விழா அது. தோட்டத்தில் விளைந்தது, வீட்டில் வளர்த்தது எல்லாம் காணிக்கையாக வந்து குவியும்: வாழைத்தார், பூசணி, சேவல், ஒற்றை முட்டை. எல்லாம் ஏலத்துக்குப் போகும். ஒருவர் எடுத்த பொருளை மறுபடி காணிக்கையாகவே வைத்துவிடுவார். அது திரும்பவும் ஏலத்துக்கு வரும். ஒரு வருடம் ஒரு சுரைக்காய் இப்படியே நான்கு முறை சுற்றியது. சண்டை போட்டுப் பல வருடம் பேசாமலிருந்த இரண்டு பெரியப்பாமார்கள் ஒருவர்மேல் ஒருவர் விலை ஏற்றிக்கொண்டே போக, கூட்டம் சிரித்து உருண்டது. கடைசியில் அவர்களுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நானும் ஒரு சுற்று கேட்டேன். என்ன விலை சொன்னேன் என்பது மறந்துபோயிற்று. விசிறி வாங்கிய விலை மட்டும் இன்றும் நன்றாக நினைவிருக்கிறது.

அந்தச் சுரைக்காயை முடிவில் யார் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள் என்று இதுவரை யாரும் சொல்லவில்லை.