கடலூர், புதுச்சேரி பக்கம் அடுக்குமாடி வீட்டுக்கு மின்சார கிரில் வாங்கலாமா? மீன், கோழி சுட அது சரிப்படுமா?

வாங்கலாம், இரண்டு நிபந்தனையோடு. சாப்பிடுகிறவர்கள் நாலு பேருக்குள் இருக்க வேண்டும். சமையல் மேடைக்குப் பக்கத்திலேயே 15 ஆம்ப்ஸ் பவர் பிளக் இருக்க வேண்டும். இதில் ஒன்று இல்லாவிட்டாலும் மூன்றாம் மாதம் சாமான் பரணுக்குப் போய்விடும்.

கடையில் ‘எலக்ட்ரிக் கிரில்’ என்று கேட்டால் இரண்டு வேறு சாமான்களை எடுத்து வைப்பார்கள். ஒன்று புத்தகம் மாதிரி மூடித் திறப்பது. மேலும் கீழும் சூடாகும் இரண்டு தட்டுகள்; சாண்ட்விச் டோஸ்டருக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று திறந்த வகை. மேலே கம்பி வலை, நடுவில் வளைந்து ஓடும் ஹீட்டிங் ராடு, அடியில் தண்ணீர் ஊற்றி வைக்கும் தட்டு. இது பெரும்பாலும் 2,000 வாட்ஸ். ‘பார்பிக்யூ’ என்ற பெயரில் விற்பது இதுதான்.

மூடும் வகையின் பலம் வேகம். ஒன்றரை சென்டிமீட்டர் கனமுள்ள வஞ்சிரம் துண்டு 5 நிமிடத்தில் இரண்டு பக்கமும் வெந்துவிடும், திருப்ப வேண்டியதில்லை. தட்டு லேசாகச் சரிந்திருப்பதால் எண்ணெய் முன்பக்கத் தட்டில் வடியும். பலவீனமும் அந்த மூடியில்தான் இருக்கிறது. உள்ளேயிருந்து வரும் ஆவி வெளியேற வழியில்லாமல் மசாலாவை ஊறவைத்துவிடும். முழு மீன் வைத்தால் இன்னொரு தொல்லை: மேல்தட்டு மீனின் நடுமுதுகை மட்டும் தொடும், தலையும் வாலும் காற்றில் நிற்கும். ஆகவே துண்டு மீன், எலும்பில்லாத கோழி, பனீர், ரொட்டி என்றால் மூடும் வகை. முழு மீன், இறால், சோளக்கதிர் என்றால் திறந்த வகை. இரண்டையும் ஒரே சாமானில் எதிர்பார்ப்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

‘கிரில் வாங்கினேன், மீன் சுடவில்லை, அவிந்துதான் போகிறது’ என்ற புகாருக்குக் காரணம் பெரும்பாலும் ஈரம், சில வீடுகளில் வோல்டேஜ். மீனின் மேற்புறம் ஈரமாக இருக்கும்வரை அங்கே சூடு 100 டிகிரியைத் தாண்டாது. நிறம் ஏறி, சுட்ட வாசனை வர 140 டிகிரிக்கு மேல் போயாக வேண்டும். வோல்டேஜ் கணக்கு இன்னும் கொடுமையானது. 230 வோல்ட்டில் 2,000 வாட்ஸ் இழுக்கும் ராடு, 200 வோல்ட்டில் ஏறக்குறைய 1,500 வாட்ஸ்தான் தரும். 180 வோல்ட்டுக்கு இறங்கினால் 1,225. கோடைகாலத்து ராத்திரி எட்டு மணிக்குத் தெரு முழுக்க ஏசி ஓடும்போது மீன் வெளிறிப்போய்க் கிடந்தால் மசாலாவைத் திட்டாதீர்கள். அந்த நேரத்தில் முன்சூட்டை (மீன் வைக்கும் முன் வெறும் கிரில்லைச் சூடாக்கும் நேரத்தை) 10 நிமிடத்திலிருந்து 15 ஆக்குங்கள், ஒரே தடவையில் வலையை நிரப்பாதீர்கள்.

சங்கராவை வைத்துச் சொல்கிறேன், மற்ற முழு மீனுக்கும் இதே முறைதான். 250 கிராம் அளவில் இரண்டு மீன். மார்க்கெட்டில் ஆய்ந்து தரும்போதே பக்கத்துக்கு மூன்று கீறல், முள்ளைத் தொடும் ஆழத்துக்குப் போடச் சொல்லுங்கள். ஒரு டீஸ்பூன் உப்பு தேய்த்து 15 நிமிடம் சாய்வாக வையுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் விசைப்படகு போகாது, ஐஸில் கிடந்த மீன்தான் அதிகம் வரும். அது தண்ணீர் கூடுதலாக விடும், அதற்கு அரை மணி. விட்ட தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுங்கள், கீறலுக்குள்ளும். இந்த ஒரு வேலையைத் தவிர்த்தால் மற்றதெல்லாம் வீண். மசாலாவுக்கு மிளகாய்த்தூள் 2 டீஸ்பூன், மிளகு அரை, மஞ்சள் கால், மையாக அரைத்த இஞ்சி பூண்டு 2, அரிசி மாவு ஒன்று, எண்ணெய் 2 டீஸ்பூன். தண்ணீர் சேர்க்க வேண்டாம். பூண்டு திப்பிதிப்பியாக இருந்தால் மீன் வேகும் முன் அது கருகிக் கசக்கும். எலுமிச்சையைக் கடைசியில் பிழியுங்கள்.

அடித்தட்டில் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர். வடியும் கொழுப்பு அதில் விழுந்து அடங்கும். தண்ணீர் வற்றினால் கொழுப்பு கருகி வீடு முழுக்கப் புகை. சூடான வலையில் எண்ணெயைத் துணியால் தொட்டுத் தடவி மீனை வையுங்கள். முதலில் ‘சுர்ர்’ என்று ஈரச் சத்தம் வரும். நாலைந்து நிமிடத்தில் அது குறைந்து பொரிகிற சத்தமாக மாறும். அதுவரை மீனைத் தொடவே கூடாது. 7 அல்லது 8 நிமிடத்தில் கரண்டியை அடியில் விட்டால் தோல் தானாக வலையை விட்டு வரும். வரவில்லையா, இன்னும் ஒரு நிமிடம் விடுங்கள். இழுத்தால் தோல் வலையோடு தங்கிவிடும். மறுபக்கமும் அவ்வளவே நேரம். நடுக்கீறலில் சதை கண்ணாடி மாதிரி இல்லாமல் வெள்ளையாகி, முள்ளை விட்டுப் பிரிந்தால் எடுக்கலாம். இறாலுக்குப் பக்கத்துக்கு 2 நிமிடம் போதும், அதற்கு மேல் ரப்பர்.

மொட்டைமாடியில் வைத்துச் சுடும் ஆசையை விடுங்கள். கடற்காற்று ராடின் சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும். வீட்டுக்குள்ளும் மின்விசிறியை நிறுத்தியாக வேண்டும். காற்றைத் தடுக்க அலுமினியத் தாளால் வலையை முழுக்க மூடுவது ஆபத்து. அடியில் சூடு தேங்கி பிளாஸ்டிக் பாகம் இளகும்.

எலும்புள்ள கோழிக்காலைப் பச்சையாக நேரே கிரில்லில் வைத்தால் வெளியே கருகும், எலும்பருகே ரத்தம் நிற்கும். மசாலா தடவிய காலை இட்லிப் பானையில் 15 நிமிடம் ஆவியில் வைத்துவிட்டு, ஈரம் ஆறியபின் கிரில்லில் 10 நிமிடம் திருப்பித் திருப்பி வாட்டுங்கள். உள்சூடு 74 டிகிரி வர வேண்டும் என்பது கணக்கு. தந்தூரி என்று பெயர் சொல்லிக்கொள்ளலாம், மனசாட்சி கொஞ்சம் உறுத்தும்.

ஏனென்றால் கரியின் ருசி இதில் வராது. கொழுப்பு தணலில் சொட்டி எழும் புகைதான் அந்த ருசி. மின்சாரத்தில் புகை இல்லாததே அடுக்குமாடிக்கு வசதி, நாக்குக்கு நஷ்டம். ஓரளவு ஈடுகட்ட வழி உண்டு. ஒரு துண்டு கொட்டாங்குச்சியை அடுப்பில் காட்டித் தணலாக்கி, சுட்ட மீனுக்கு நடுவே சின்னக் கிண்ணத்தில் வைத்து, அரை டீஸ்பூன் நெய் விட்டு, மூன்று நிமிடம் மூடி வையுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும்.

செலவு பயப்படும்படி இல்லை. 2,000 வாட்ஸ் அரை மணி முழுசாக ஓடினால் ஒரு யூனிட். சூடு ஏறியதும் தானே அணைக்கும் தெர்மோஸ்டாட் இடையிடையே அணைப்பதால் அதைவிடக் குறையும். கடலூரில் இரண்டு மாதத்துக்கு ஒரு பில், புதுச்சேரியில் மாதாமாதம் பில்; எங்கே என்றாலும் வாரம் ஒரு தடவை சுடுவதால் பில் எகிறாது. கவலைப்பட வேண்டியது ஒயருக்கு. 2,000 வாட்ஸ் கிட்டத்தட்ட 9 ஆம்ப்ஸ் இழுக்கும். சின்ன 5 ஆம்ப்ஸ் பிளக்கிலோ எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலோ செருகினால் முதலில் பிளக் வெதுவெதுக்கும், பிறகு பழுப்பாகும், பிறகு நாறும். வெதுவெதுக்கும்போதே நிறுத்துங்கள். சாதாரண வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டவே முடியாது.

நம் ஊருக்கென்று தனியாக ஒரு சங்கதி. ஐப்பசி, கார்த்திகை மழையில் சும்மா கிடந்த திறந்த கிரில்லைப் பொங்கலுக்கு எடுத்துப் போட்டவுடன் ஈ.எல்.சி.பி. (மின்கசிவு வந்தால் தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்து வீடே இருண்டால், பெரும்பாலும் ராடு கெட்டிருக்காது. ராடுக்குள் அடைத்திருக்கும் மெக்னீசியம் ஆக்ஸைடு பொடி காற்றிலிருந்து ஈரம் குடிக்கும்; மின்சாரம் கொஞ்சம் ராடின் உலோக உறைக்குக் கசியும். இரண்டு நாள் நல்ல வெயிலில் வைத்துவிட்டுப் போட்டுப் பாருங்கள். அப்போதும் விழுந்தால் எலக்ட்ரீஷியனிடம் மெக்கர் (மின்கசிவைச் சோதிக்கும் கருவி) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஈ.எல்.சி.பி.யைத் தவிர்த்து நேரடி லைன் கொடுக்கிறேன் என்பவரை வீட்டுக்குள் விடாதீர்கள். உப்புக்காற்று வலையையும் திருகாணியையும் அரிக்கும்: கழுவியதும் உலர்த்தி, எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு, பருத்தித் துணியில் சுற்றி உள்ளறையில். பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டினால் ஈரத்தையும் சேர்த்துக் கட்டியதாகும்.

நான்ஸ்டிக் தட்டுக்கு எவர்சில்வர் கரண்டியும் கம்பி நாரும் எமன். சூட்டோடு சூடாகப் பச்சைத்தண்ணீர் ஊற்றினால் தட்டு வளையும். வெதுவெதுப்பாக இருக்கும்போது ஈரத்துணியால் துடையுங்கள். வாங்கும்போதே தட்டு கழற்ற வருமா என்று கழற்றிப் பாருங்கள். கழற்ற வராத தட்டில் ஒருமுறை மத்தி சுட்டால் அடுத்த வாரம் சாண்ட்விச்சும் மத்திதான்.