ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியில் நேரம் கேட்கும் விண்ணப்பம்: பெயரே போடவில்லை, ஆனாலும் ‘அடையாளம் தெரிகிறது’ என்கிறார்கள்

விண்ணப்பித்தவர் யார் என்று மதிப்பிடுபவர்களுக்குத் தெரியக்கூடாது என்பதுதான் விதி, அதனால் பெயரை எடுத்தால் மட்டும் போதாது. நீங்கள் ஒட்டியிருக்கும் பத்தியில் “நாங்கள் முன்பு காட்டியபடி [7]” என்று இருக்கிறதே, அதுதான் காட்டிக்கொடுக்கிறது. மேற்கோள் பட்டியலில் ஏழாம் எண்ணைப் பார்த்தால் உங்கள் குழு மொத்தமும் வந்து நிற்கும்.

“[7]-இல் காட்டியிருப்பதுபோல்” என்று மாற்றுங்கள். சொந்தக் கட்டுரையை அடுத்தவர் கட்டுரை மாதிரியே குறிப்பிட வேண்டும். பயந்துபோய் அதை நீக்கிவிடாதீர்கள், வாதம் பலவீனமாகிவிடும். ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியில் 2018 முதலே இந்த முறைதான்.

அனுப்பும் முன் பிடிஎஃப்பில் ‘எங்கள்’, ‘முந்தைய’ என்பதற்கான ஆங்கிலச் சொற்களைத் தேடிப் பாருங்கள். “நாங்கள் அளக்கப்போகிறோம்” என்பதில் தப்பில்லை, “எங்கள் முந்தைய தரவு” என்பதுதான் வில்லங்கம். கோப்பின் பெயர், பிடிஎஃப் பண்புகளில் ஆசிரியர் பெயர், இரண்டையும் பார்த்துவிடுங்கள். பலர் கோட்டைவிடுவது அங்கேதான்.

குழுவின் அனுபவத்தைத் தனிக் கோப்பில் எழுதுங்கள். தரவரிசை முடிந்த பிறகுதான் அதைத் திறப்பார்கள்.

ஒன்று மட்டும்: நிராகரிப்புக்கு இதுவே காரணம் என்று நினைத்துவிடாதீர்கள். வெப்பின் 4-ஆம் சுற்றுக்கு வந்தவை 2,377 விண்ணப்பங்கள். கேட்ட நேரம், இருந்ததைப் போல சுமார் 9 மடங்கு.