பில்லி கானின் கணக்கு – கடிதம்

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் 1941இல் நடந்த ஜோ லூயிஸ் – பில்லி கான் குத்துச்சண்டையின் பழைய பதிவைப் பார்த்தேன். பன்னிரண்டு சுற்றுகள் வரை உலகச் சாம்பியனைத் திணறடித்தவர் கான். மீதி மூன்று சுற்றுகள் விலகி ஓடிக்கொண்டிருந்தாலே பட்டம் அவருக்குத்தான். அதை விட்டுவிட்டு லூயிஸை வீழ்த்தப் போய், 13ஆம் சுற்றில் தானே வீழ்ந்தார். இது முட்டாள்தனம் அல்லவா? ஆனாலும் தோற்றவர்தான் உண்மையில் வென்றார் என்றே எனக்குத் தோன்றியது. இப்படிப்பட்ட தோல்வியை எப்படி மதிப்பிடுவது? அவருடைய தாய் அப்போது புற்றுநோயால் மரணப்படுக்கையில் இருந்தாராம், அதனால்தான் அவசரப்பட்டாரா? 1946இல் நடந்த மறு ஆட்டத்தில் ஏன் சோபிக்கவில்லை?

க., ஈரோடு

அன்புள்ள க.,

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுதக் காரணம், அதில் இருக்கும் ஒரு வரி: ‘தோற்றவர்தான் உண்மையில் வென்றார்’. எந்த விளையாட்டு முடிந்தாலும் மறுநாள் காலை யாராவது இந்த வரியை எழுதிவிடுகிறார்கள். சில மாதங்களாகவே இதைப் பற்றி எரிச்சலோடு யோசித்துக்கொண்டிருந்தேன். நல்ல மனதோடுதான் எழுதுகிறீர்கள், தெரியும். ஆனால் இது சோம்பேறித்தனமான வரி. ஆட்டத்தைப் பார்க்காதவரும் எழுதிவிடலாம்.

நான் கல்லூரியில் படித்தபோது விடுதியில் என் அறைத்தோழன் ஒருவன் குத்துச்சண்டை ஆடுவான். மெலிந்த உடம்பு, நீளமான கைகள். ஒருமுறை பல்கலைக்கழகப் போட்டியில், தோல்வியே அறியாத ஒருவனிடம் மூன்று சுற்றும் நின்று ஆடித் தோற்றான். கூட்டமாகப் போயிருந்த நாங்கள் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு, ‘நீதான்டா ஜெயித்தாய்’ என்று கத்தியபடி விடுதிக்கு வந்தோம். எல்லோரும் கலைந்த பிறகு கட்டிலில் உட்கார்ந்து, கையில் சுற்றியிருந்த துணியைப் பிரித்தான். வியர்வையில் ஊறி விரலிடுக்குகளில் ஒட்டிக்கொண்டிருந்தது. என்னை நிமிர்ந்து பார்க்காமலேயே, “இரண்டாவது சுற்றில் அவனைக் கயிற்றோரம் நிறுத்தினேனே, பார்த்தாயா?” என்று கேட்டான். பார்த்திருந்தேன். சொன்னேன். அங்கிருந்து வெளியே வரும்போது இடது கையைத் தாழ்த்திவிட்டாய், அதில்தான் வாங்கினாய் என்றும் சொன்னேன். அவன் முகம் அப்போதுதான் தெளிந்தது. நள்ளிரவு தாண்டியும் அந்த ஒரு சுற்றைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். தோளில் தூக்கியதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

தோற்றவனுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை அவன் ஆடியதை ஒழுங்காகப் பார்ப்பது. அப்படிப் பார்க்கிறவர் பில்லி கானை முட்டாள் என்றும் சொல்லமாட்டார், வென்றவர் என்றும் சொல்லமாட்டார்.

‘மூன்று சுற்றுகள் ஓடியிருந்தால்’ என்கிறீர்கள். எண்பது வருடங்களாக எல்லோரும் சொல்வதுதான். கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா? அன்று நியூயார்க்கில் புள்ளிகள் கிடையாது. யாருக்கு எத்தனை சுற்று என்பதுதான் கணக்கு. பன்னிரண்டு சுற்றுகள் முடிந்தபோது மூன்று நடுவர்களின் கணக்கு அட்டைகளில் ஒன்று கானுக்கு 7, லூயிஸுக்கு 5 என்றது. இன்னொன்று 7, 4, ஒரு சுற்று சமம். மூன்றாவது அட்டையில் ஆளுக்கு 6. கான் ஓடுகிறார், மூன்று சுற்றுகளையும் லூயிஸ் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் அட்டையில் 8–7 என்று லூயிஸ் வெல்கிறார். இரண்டாவதில் 7–7, சமநிலை. மூன்றாவதில் 9–6, லூயிஸ். பட்டம் லூயிஸிடமே இருக்கிறது!

ஆக, கான் அந்த மூன்றில் ஒரு சுற்றையாவது வென்றாக வேண்டும். ஓடிக்கொண்டே ஒரு சுற்றை வெல்ல முடியுமா? அதுவும் தன்னைத் துரத்தி வரும் சாம்பியனிடம்? அப்படி வருபவனைப் பார்த்து விலகிக்கொண்டே இருப்பவனுக்கு எந்த நடுவர் சுற்றை எழுதிக்கொடுப்பார்? போதாக்குறைக்கு, இந்த எண்களெல்லாம் நமக்குத்தான் தெரியும். சுற்றுகளின் நடுவே, கான் தன் பயிற்சியாளர்களோடு உட்காரும் மூலைக்கு அட்டையை யாரும் கொண்டுவந்து காட்டவில்லை. விலகி நில் என்று அவருடைய மூலையில் சொன்னவர்களும் ஊகத்தில்தான் சொன்னார்கள்.

லூயிஸிடம் ஓடிப் பார்த்தவரும் உண்டு. பாப் பாஸ்டர். 1937 ஜனவரியில் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் பத்துச் சுற்றும் வளையத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினார். கடைசிவரை நின்றார், உண்மைதான். தீர்ப்பு லூயிஸுக்கே போனது. இதே பாஸ்டரை 1940இல் கான் நாக் அவுட் செய்தார், அதுவும் 13ஆம் சுற்றில். எடையில் தன்னை மிஞ்சிய ஆளைக் கடைசிச் சுற்றுகளில் வீழ்த்த முடியும் என்று கான் நினைத்தது வெறும் திமிர் அல்ல. செய்து பார்த்த காரியம் அது.

இனி அந்தப் பன்னிரண்டாம் சுற்றுக்கு வருவோம். நீங்கள் இன்னொருமுறை பார்க்க வேண்டியது அதைத்தான். முதல் இரண்டு சுற்றுகளில் தடுமாறிய கான், அதன்பின் தன் ஆட்டத்தைக் கண்டுபிடித்துக்கொள்கிறார். உள்ளே வருகிறார், மூன்று நான்கு குத்துகளைத் தொடர்ந்து விடுகிறார், லூயிஸ் காலை ஊன்றுவதற்குள் பக்கவாட்டில் போய்விடுகிறார். ஓடுவது வேறு, இது வேறு. அன்று அறிவித்த எடைப்படி கான் 174 பவுண்டு, லூயிஸ் 199½. பட்டத்தைக் காக்க நான்கு வருடங்களில் பதினேழு முறை வரிசையாக மோதி முடித்த ஆள் லூயிஸ், இது பதினெட்டாவது. போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்கள். பன்னிரண்டாம் சுற்றில் கானின் இடது ஹூக், அதாவது முழங்கையை மடக்கிப் பக்கவாட்டில் வீசும் குத்து, விழுந்ததும் அந்த லூயிஸ் தள்ளாடி, கானைக் கட்டிப் பிடித்துக்கொள்கிறார். அந்த வருடங்களில் லூயிஸ் ஒருவரைப் பிடித்துத் தொங்குவதை எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்?

அந்த ஹூக்கை வீசாமல் கான் பன்னிரண்டாம் சுற்று வரை முன்னிலையில் இருந்திருக்கவே முடியாது. லூயிஸ் தயங்கியது அந்தக் கைக்குப் பயந்துதான். கான் வீழ்ந்ததும் தன்னுடைய அதே கையால். இடது ஹூக் வீசும்போது கை முகத்தைக் காக்கும் இடத்தை விட்டுப் போகிறது, தோள் திரும்புகிறது, ஒரு கணம் இடது தாடை திறந்து கிடக்கிறது. எதிரில் நிற்பவனின் வலது கைக்கு அதைவிடக் குறுக்குவழி கிடையாது. முன்பெல்லாம் கான் வீசி முடித்ததும் அங்கே நிற்கவில்லை. பதின்மூன்றில் நின்றார். லூயிஸின் வலது கை, சிறிய தூரத்தில், நேராக வந்தது. அதன்பின் வந்தவற்றை எண்ண முடியவில்லை. நடுவர் பத்து எண்ணி முடித்தபோது சுற்று முடிய இரண்டு விநாடிகள்தான் பாக்கி.

நான் பார்த்தவரை கானின் குறை இதுதான்: தாக்கப் போனதல்ல, தாக்கிவிட்டு அங்கேயே நின்றது. பன்னிரண்டு சுற்றுகளாக ஒழுங்காகச் செய்துவந்ததைப் பதின்மூன்றில் செய்யவில்லை. களைப்பா, ஆசையா, இரண்டுமா, சொல்வதற்கில்லை. முட்டாள்தனம் என்ற ஒரு சொல்லைப் போட்டால் இதையெல்லாம் பார்க்க வேண்டிய வேலை மிச்சம். அதனால்தான் அந்தச் சொல் இவ்வளவு பிரபலம்.

இன்னொன்றையும் மறந்துவிட்டீர்கள். எதிர் மூலையில் லூயிஸின் பயிற்சியாளர் ஜாக் பிளாக்பர்ன், நீ தோற்றுக்கொண்டிருக்கிறாய், அவனை வீழ்த்தியாக வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். கான் எதைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் பதின்மூன்றில் லூயிஸ் கொல்லத்தான் வந்திருப்பார். ஆட்டத்தை முடித்தவர் லூயிஸ்; கான் தானாகப் போய் விழவில்லை. தோற்றவருக்காக உருகும்போது வென்றவரின் திறமையை இப்படித்தான் மறைத்துவிடுகிறோம். பின்தங்கியிருந்த நிலையில், சோர்ந்த உடம்போடு, திறந்த அந்த ஒரு இடைவெளியைக் கண்டு அதே கணத்தில் கையை அனுப்பியவரைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையே!

தாயைப் பற்றிக் கேட்டது வேண்டாம். அவர் சில நாட்களில் இறந்துபோனார். அதை ஒரு ஹூக்குக்குக் காரணமாக்கி எழுதுவது எனக்குப் பிடிக்கவில்லை.

1946? அதில் மதிப்பிட ஒன்றும் இல்லை. நடுவே போர் வந்தது. இருவரும் ராணுவத்தில் இருந்தார்கள். 1942இல் நடக்கவேண்டிய மறு ஆட்டம், கான் தன் மாமனாரோடு கைகலந்து கையை உடைத்துக்கொண்டதால் நின்றுபோனது. அந்த வீட்டுச் சண்டையைப் பற்றி எழுதினால் இதைவிட நீண்ட பதிலாகிவிடும். ஐந்து வருடம் கழித்து யாங்கி ஸ்டேடியத்தில் வளையத்தருகே ஒரு டிக்கெட் நூறு டாலர் என்று விற்று அவர்களை மறுபடி நிறுத்தியபோது, கானின் கால்கள் போயிருந்தன. அன்றைக்குத்தான் அவர் நீங்கள் விரும்பியபடி விலகி விலகி ஆடினார். எட்டாம் சுற்றில் முடிந்தது.